சாலையோரம் மட்டும் ஒரு சோலை

அழகர்சாமிக்கு எஸ்டேட்டில் வேலை, கடமான்களைக் காப்பது. யாருக்காகக் காக்கிறாய் என்று கேட்டால், "துரைமாருங்க வந்து சுடறதுக்குத்தானுங்க" என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்வான். வெள்ளைக்காரர்களின் வேட்டைச் சங்கம் மழை ஓய்ந்ததும் இத்தலார் பக்கத்து மலைகளுக்கு வரும். அதுவரை எஸ்டேட்டை ஒட்டிய சோலைக்காட்டுக்குள் ஒரு மானுக்கும் தீங்கு வரக்கூடாது. அந்த உயர்ந்த கொள்கைக்காக அவனுக்கு ஒரு காக்கிக் கோட்டும் பித்தளை வில்லையும் கொடுத்து, வாச்சர் என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

மதுரைப் பக்கத்திலிருந்து பஞ்சத்தில் மலையேறி வந்தவன். முதலில் எல்லாரையும் போல மண்வெட்டி பிடித்தான். வில்லை கிடைத்த பிறகு, கூட நடந்து வந்த சனங்களில் ஒருவரையும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

கொழுந்து பறிக்கும் மூக்கம்மாவும் அந்தச் சனங்களில் ஒருத்தி. சோலை ஓரத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டு திரும்பியவளை ஒருநாள் மறித்தான். கட்டிய சுள்ளியை அவிழ்த்துக் கொட்டச் சொன்னான்.

"கீழ கெடந்த சுள்ளிதானுங்க. ஊட்டுல அடுப்பு எரிய வேண்டாமுங்களா?"

"நீ படபடன்னு சுள்ளி ஒடிச்சா மான் கலைஞ்சு போயிரும். உனக்கு அதெல்லாம் எங்க புரியப் போவுது?"

"குளுருல எம் புள்ள இருமிக்கிட்டுக் கெடக்குதுங்க."

பிள்ளை இருமுவது அவன் பொறுப்பில் வராது. எதிர்த்துப் பேசினாள் என்று மேனேஜரிடம் சொல்லி அவளைக் கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்தினான்.

இப்படி மான்களைக் காத்துக்கொண்டிருந்தபோது பேக்டரியில் விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது. தேயிலை காய வைக்க அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சோலையைத் தொடமாட்டோம், கற்பூர மரம் என்று அங்கே சொல்லும் தைல மரத்தை நட்டு வளர்த்து அதைத்தான் எரிப்போம் என்று மேனேஜர் துரை வேட்டைச் சங்கத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கற்பூரக் கன்றுகளோ இன்னும் கைத்தடி கனத்தைத் தாண்டவில்லை. இதற்கிடையில் பேக்டரிக்குப் புது மிஷின் வேறு வந்துவிட்டது. மரம் வளரும்வரை மிஷினுக்குப் பொறுமை ஏது? துரைக்கும் இல்லை.

அவர் அழகர்சாமியைக் கூப்பிட்டார். "சோலையில் விறகு எடுக்க வேண்டும். ஆனால் சோலை இருக்கவும் வேண்டும்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் திருதிருவென்று விழித்திருப்பான். அழகர்சாமி கும்பிட்டான். "ரோட்டு ஓரத்த அப்படியே வுட்டுருவோமுங்க. குதிரையில போற துரைமாரு கண்ணுக்குப் பச்சையாத் தெரிஞ்சாப் போதும். பின்னாலருந்து உள்ள எடுத்துக்கலாமுங்க."

துரை சிரித்தாராம். சபாஷ் என்றாராம். இதை அழகர்சாமியே கூலிக்காரர்களின் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தான். யோசனை தன்னுடையது என்பதை ஒருவரும் மறந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

பின்பக்கத்திலிருந்து கோடாலி விழுந்தது. பாசி படர்ந்த கிழட்டு மரங்கள் சாய்ந்தன. சுள்ளி ஒடிந்தாலே கலையும் மான்களைப் பற்றிய கவலை அவனை விட்டுப் போயிருந்தது. கடமான்கள் சில நாள் அடிக்கட்டைகளுக்கு நடுவே வந்து நின்று பார்த்தன. கற்பூரத் தோட்டத்தில் அவற்றுக்கு மேய ஒன்றுமில்லை, மறையவும் இடமில்லை. பக்கத்து ஊர் உருளைக்கிழங்குக் காட்டுக்குள் இறங்கின. விவசாயிகள் அவற்றைச் சுடக்கூடாது, அது சட்டம். தகரம் தட்டி விரட்டினார்கள். பிறகு அவை எங்கோ போய்விட்டன.

சங்கத்தின் காரியதரிசி ஒருமுறை குதிரையில் அந்த வழியாகப் போனார். சாலையோரத்துப் பச்சையைப் பார்த்துப் பூரித்துப்போனார். விறகுக்கும் குறையில்லை, வேட்டைக்கும் குறையில்லை, எல்லா எஸ்டேட்டுக்கும் இதுவே முன்மாதிரி என்று கிளப்பில் புகழ்ந்தார். குதிரையை விட்டு இறங்கிப் பத்தடி உள்ளே நடக்க அவருக்குத் தோன்றவில்லை.

ஆடிக் காற்று மட்டும் பின்பக்கமாக வந்தது. சோலை மரங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. முதுகுக்குத் துணையில்லாமல் ஒற்றை வரிசையாக நின்றவை ஒரு மழை நாளில் வேரோடு பிடுங்கிக்கொண்டு சாலையில் விழுந்தன. அடுத்த நாள் வழி அடைபட்டு நின்ற சங்கத்துத் துரைமார்கள் கண்ணில், அடிக்கட்டைகள் துருத்திய மொட்டை மலைச்சரிவு முழுவதும் பட்டது.

மேனேஜர் துரைக்கு அதிர்ச்சி. "இந்த வாச்சர் எனக்குத் தெரியாமல் வெட்டி விற்றிருக்கிறான்" என்றார். அத்தனை மரமும் புகையாகப் போனது அவருடைய பேக்டரிப் புகைபோக்கி வழியாகத்தான். சங்கத்துக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் வீட்டில் அவர்களுக்கு இன்னும் பல விருந்துகள் பாக்கியிருந்தன.

அழகர்சாமி காலில் விழுந்து பார்த்தான். கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் அவனுக்கு லைன் சனங்களின் முகம் ஞாபகம் வந்தது. மூக்கம்மா வாசலில் போய் நின்றான்.

"நீயே பாத்தியே மூக்கம்மா. துரை சொல்லித்தான வெட்டுனோம்? ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லு."

"வரனுங்க. துரை சொன்னாருன்னு சொல்றனுங்க. வழி காட்டிக் குடுத்தது நீங்கன்னு நீங்களே சொன்னீங்களே, அதயும் சேத்துச் சொல்லட்டுங்களா?"

அவன் வாசலை விட்டு இறங்கிப் போனான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமும் இல்லை, பரிதாபமும் இல்லை. உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்கு அந்தச் சரிவு முழுக்கக் கற்பூரக் கன்று நட்டார்கள். குழி வெட்டியது மூக்கம்மாவும் மற்றப் பெண்களும். வேட்டைச் சங்கம் வேறு மலையைப் பார்த்துக்கொண்டு, அங்கே ஒரு வாச்சரையும் போட்டது. அந்த வேலையைக் கேட்டு அழகர்சாமி நடையாய் நடந்தான், கிடைக்கவில்லை. கடைசியில் பர்லியார் பக்கம் ஒரு பழத்தோட்டத்தில் குரங்கு விரட்டும் வேலையில் சேர்ந்தான். சாகும்வரை அங்கேதான் இருந்தான். தோட்டத்துக்கு வெள்ளைக்காரர் யாராவது வந்தால், குரங்குகளை அப்படியே விட்டுவிட்டுச் சலாம் வைக்க ஓடுவான்.