காதர் செதுக்கிய விசிறி

செவ்வாய்க்கிழமை டிராமை விட்டு இறங்கியதும் நம் டிராயிங் ஆபீஸ் டபேதார் ஓடிவந்து, "காதர் பாய் பூட்டாரு சார்" என்றார். காலையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். பக்கத்து மேஜைக்காரர். எனக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது.

நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய பொம்மை விமானத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அசல் விமானத்தை அளவு சுருக்கி, இரட்டை இறக்கையோடு, மூங்கிலும் பட்டுத்துணியும் வைத்துச் செய்தது. சீமையிலிருந்து குட்டி பெட்ரோல் எஞ்சின் வந்ததும், மூக்கு விசிறியையும் அதே கணக்கில்தான் சுருக்க வேண்டும், அப்போதுதான் அசல் மாதிரி இருக்கும் என்று அடம் பிடித்தேன். காதர் செதுக்கி மாட்டினார். குட்டி எஞ்சின் அவ்வளவு நீளத்தைச் சுற்றமாட்டாமல் முக்கி முனகி நின்றுபோனது.

"உங்க வூட்டுக் கல்யாணம் மாதிரிதான் வெங்கட்டு. அழகு மட்டும் பாத்தா ஆவாது, பொருத்தம் பாக்கணும்" என்று சிரித்தபடி, குட்டையாக இன்னொன்று செதுக்கினார். அதன் நடுத்துளையில் ஊசியைக் கோத்து, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை உப்புத்தாளால் தேய்த்தார்.

விஜயதசமியன்று பறக்கவிடப்போவதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான். அடையாற்றங்கரைத் திடலில் ஆபீஸே கூடியிருந்தது. எஞ்சினைக் கிளப்பினால் விமானம் குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறியது. என் மானம் போயிற்று.

"செதுக்கத் தெரியாதவன் கையில கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!" என்று கத்தினேன்.

காதர் எஞ்சினை நிறுத்தி, விசிறியைத் தடவிப் பார்த்தார். முந்தின நாள் ஆயுத பூஜையில் என் மாமியார், மேல்நோக்கி நின்ற பக்கத்தை நெற்றியாக நினைத்துச் சந்தனத்தை அப்பியிருந்தார். அது காய்ந்து, ஒரு பக்கம் கனத்துவிட்டது. வேட்டி நுனியால் துடைக்கப் போனேன். காதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடைக்காதே. பெரியவங்க வெச்சது." பிறகு, திடலுக்கு வந்திருந்த என் மாமியாரிடம், "அம்மா, அந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம் வெச்சிடுங்க. அது கோவிச்சிக்கினு கீது" என்றார்.

"அடடா, நேக்குத் தோணவே இல்லையே" என்று மாமியார் சுண்டலோடு கொண்டுவந்திருந்த சந்தனக் கிண்ணத்தைத் திறந்தார். காதர் மறுபடி ஊசியில் நிறுத்திச் சரிபார்த்து மாட்டினார். விமானம் எழும்பித் திடலைச் சுற்றி வந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "வுடு வெங்கட்டு, மீந்த சுண்டல் கீதா?" என்றார். அவர் விட்டுவிட்டார், ஆபீஸ் விடவில்லை. 'செதுக்கத் தெரியாத காதர்' என்ற பெயர் செல்லமாக ஒட்டிக்கொண்டது. அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேனே, சீ!

மையவாடியில் மண் போட்டுத் திரும்பும்போது நம்மில் ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காதரின் மருமகன் என்னிடம், "மாமாவுக்கு மெய்யாலுமே செதுக்க வராதா?" என்று கேட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வெட்கம்தான். கோபத்தில் வாய் திறக்கும்போதெல்லாம் அது முன்னால் வந்து நிற்கட்டும். "எங்க யாரையும்விட நல்லா வரும்" என்று மருமகனிடம் சொன்னேன். பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது. திடலில் நான் கத்தியது மட்டும் கடைசி ஆள்வரை கேட்டது.