விறகாகிப்போன அயினி மரம்

மெல்பர்னில் வீட்டின் மேல் மரம் விழுந்தால் முதலில் யாரும் மரத்தைத் தொடுவதில்லை. கூரையைப் பிளந்துகொண்டு கிளை படுக்கையறைக்குள் தொங்கும். வீட்டுக்காரர் வெளியே நின்று நாலு பக்கத்திலிருந்தும் ஃபோட்டோ எடுப்பார். பிறகு எங்களுக்கு ஃபோன் செய்வார். வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வரும் அழைப்புகளை எடுப்பதுதான் எனக்கு இங்கே வேலை. வந்த புதிதில் இந்த ஃபோட்டோக்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். இப்போது பழகிவிட்டது.

எங்கள் ஊர் கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கம். இந்த வருஷம் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில், அக்கா வீட்டின் மேல் பக்கத்து வீட்டுப் புரையிடத்தில் நின்ற அயினி மரம் சாய்ந்தது. பக்கவாதத்தில் கட்டிலோடு கிடக்கும் அத்தான் உள்ளே. அண்டை வீட்டு ஆட்கள் கோடாலியும் வெட்டுகத்தியுமாக ஓடிவந்து, கிளைகளை வெட்டி, கட்டிலோடு அவரை வெளியே தூக்கினார்கள். மதியத்துக்குள் முற்றத்தில் ஒரு சுள்ளிகூட இல்லை. எங்கள் பக்கம் வீட்டின் மேல் விழுந்த மரத்தைப் பொழுது சாயும்வரை போட்டு வைக்க மாட்டார்கள். உதவிக்கு வந்தவர்கள் கூலியும் வாங்க மாட்டார்கள்; ஆளுக்கொரு கட்டு விறகு, அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் மாட்டுத் தொழுத்தின் மேல் தென்னை விழுந்தபோதும் அப்படித்தான் நடந்தது. அப்பா எல்லோருக்கும் கட்டன்சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் கொடுத்தார்.

அக்கா வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்க வைத்ததே நான்தான். நாலு நாள் கழித்து சேதத்தை மதிப்பிட சர்வேயர் வந்து, "மரம் எவிடெ, சேச்சீ?" என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். அக்கா அடுத்த வீட்டு அடுப்பைக் காட்டினாளாம். மரம் விழுந்ததற்கு ஆதாரம் இல்லை, கூரை ஏற்கெனவே பழுதானது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே மனுஷன் மாட்டிக்கொண்டு கிடக்கும்போது ஃபோட்டோ எடுக்க வேண்டுமாம்! ஊரே வந்து சொல்லத் தயார், அது போதாதாம், கட்டை வேண்டுமாம். ஆத்திரம் தாங்காமல் ஆபீஸில் பக்கத்து சீட் வெள்ளைக்காரப் பெண்ணிடம் கொட்டினேன். "மரம் வெட்டியவர்களுக்கு லைசென்ஸ் இருந்ததா?" என்று அவள் அக்கறையாகத்தான் கேட்டாள். அவள்மேலும் கோபம் வந்தது.

நேற்று வேலைக்கு நடுவே அக்கா கூப்பிட்டாள். கூரையில் கட்டிய தார்ப்பாய் காற்றில் கிழிந்ததால், அத்தானின் கட்டிலை அடுக்களைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கேயும் ஒழுகுகிறதாம்.

"விறகு கொண்டு போனவங்க எல்லாருட்டயும் கையெழுத்து வாங்கி அனுப்புக்கா. நான் மேல புகார் குடுக்கேன். அவன்மாருக்கு மனசாட்சின்னு ஒண்ணு உண்டா?" என்று கத்தினேன்.

"கையெழுத்து எல்லாரும் போடுவாவ மக்கா. ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "நீயும் அங்க இந்த வேலதானே பாக்க? வீடு ஒடஞ்சு ஃபோன்ல விளிக்கவங்ககிட்ட நீயும் இப்பிடியாக்கும் கேப்பியா?"

கேட்டிருக்கிறேன். போன வாரம்தான், பிள்ளைகள் தூங்கும் அறை என்று மரத்தை அவசரமாக அறுத்து அப்புறப்படுத்திவிட்ட ஒருவரின் ஃபைலில், ஆதாரம் பாதுகாக்கப்படவில்லை என்று நானே எழுதி மூடினேன். அவர் குரல் உடைந்தபோது "ஸாரி" என்றேன்.

"எலே, லைன்ல உண்டா?" என்று இடது காதில் அக்கா கேட்டாள். வலது காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. யாரோ ஒரு கிழவர் ஆங்கிலத்தில் நடுங்கியபடி தன் வீட்டு விலாசத்தைச் சொல்லத் தொடங்கினார். இரண்டு பேரும் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள்.