கோயில் படியில் பதினேழு மிஸ்ட் கோல்

"தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார்கள். போனை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கொழும்பில் ஒரு கனவான் கேட்டார். கலந்துரையாடல் நடத்துவது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர். மருமக்களே, உங்கள் மாமாவின் மீசை துடித்த துடிப்பில் காலி முகத்திடலில் அலை ஏழடி உயர்ந்தது. அவர் சொன்னதற்காகவே, போன் வழியே கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்தப் போன ஞாயிறு புறப்பட்டேன்.

ஹட்டனில் காலை 8.10 பஸ். மஸ்கெலியாவுக்கு ஒரு மணி நேரம், முப்பத்தைந்து ரூபா. வளைவுகள் சுமார் ஒன்பதாயிரம். அங்கிருந்து தோட்டம் ஆறு கிலோமீற்றர். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபா. ஓட்டியவர் மணியம்.

"ஹோல்லயா கூட்டம்? அங்க போனு செத்த பொணம்ங்க. சிக்னல் வேணும்னா கோயில் படிக்குப் போங்க. கோயிலச் சுத்திக் கிடைக்கும், நாலாவது படியில நல்லாவே கிடைக்கும்" என்றார். கூட்டம் கோயிலுக்கு மாறியது.

விஷயம் இதுதான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா, அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை இரண்டு கிலோமீற்றர் மேலே கொண்டுபோகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு யோசனை. "எல்லோருக்கும் சம்மதம்" என்ற கடிதத்தைத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் மறுநாள் துரையிடம் கொடுக்க வேண்டும். கூட்டம் நடத்தியதாகக் காட்ட அவருக்கு ஒரு வெளியாள் தேவை. அந்த மகான் நான்.

"யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா?" என்று தலைவர் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. "பாத்தீங்களா? எல்லாரும் சரிங்கிறாங்க."

நான் என் நம்பரைப் படியில் சோக்கால் எழுதினேன். "எல்லோரும் சாமியைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. நாங்க ரெண்டு பேரும் பின்னால நிப்போம். மாத்த வேணாங்கிறவங்க இந்த நம்பருக்கு ஒரு ரிங் விட்டு வெட்டுங்க. காசு போகாது."

பிறகு நாலாவது படியில் வைத்த என் போன் அலறியது. நின்றது. மறுபடி அலறியது. பலர் ஒரே நேரத்தில் அடித்து லைன் பிஸியானபோது, "ஏ, ஒருத்தர் ஒருத்தரா அடிங்கடி!" என்று முன்வரிசையில் ஒரு குரல். பதினேழு முறை. அந்த மணியோசைக்கு அம்மனே எட்டிப் பார்த்திருப்பாள்.

தலைவர் பாய்ந்து போனை எடுத்தார். அடித்தவர்களின் நம்பர் திரையில் தெரியும் என்பதை இந்த மேதாவி யோசிக்கவே இல்லை! பிடுங்கப் போனேன், அவர் கையை மேலே தூக்கிக்கொண்டு முதல் நம்பரை வாசித்தார். "யாரு இது?" என்று அதட்டினார். இரண்டாவதையும் வாசித்தார். மூன்றாவதைப் பாதி வாசித்தவர் நிறுத்திவிட்டார். அந்த நம்பர் அவருக்கு மனப்பாடம்.

அவர் மனைவி பார்வதி திரும்பினார். அவரும் கொழுந்து பறிப்பவர்தான்.

"மிச்சத்தையும் வாசிங்க. நாந்தான் அடிச்சேன். மழையில அட்ட கடிக்க அம்புட்டு தூரம் பேரப்புள்ளயத் தூக்கிக்கிட்டு நீங்க ஏறுவீங்களா?"

"ரெண்டாவது நம்பரு என்னுதுங்க" என்று இன்னொருவர். "பால் குடுக்க பத்து மணிக்கு ஓடியாரணும். மேல இருந்தா எப்புடி ஓடுறது?" அதன்பின் ஒன்றரை மணி நேரம் எவருக்கும் போன் தேவைப்படவில்லை. எனக்குத்தான் வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை.

"அப்ப தொரைகிட்ட நான் என்னா சொல்றது?" என்றார் தலைவர்.

"சொல்ல வேணாம். நாங்களும் கூட வாறோம்" என்றார் பார்வதி.

இதே மாதிரி கூட்டம் நடத்தப் போகிறவர்களுக்கு: சிக்னல் உள்ள இடத்தை ஆட்டோக்காரரிடம் கேளுங்கள். போனைச் சட்டைப்பைக்குள் பூட்டி வையுங்கள். நான் செய்த மடத்தனத்தைச் செய்யாதீர்கள், எல்லாத் தோட்டத்திலும் ஒரு பார்வதி இருப்பார் என்று நம்பிப் போக முடியாது. மணி அடித்து முடிந்ததும் "ஏன்?" என்று கேளுங்கள், பிறகு வாயை மூடுங்கள். குடை அவசியம். கடைசி பஸ் 5.45.

துரை இறங்கி வந்தால் ஒரு மிஸ்ட் கோல் தரச் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை பகல் பார்வதியின் நம்பரில் இருந்து ஒரு மணி வந்தது. துள்ளிக் குதித்தேன். உடனே இன்னொரு நம்பர். பிறகு இன்னொன்று. அவரவர் தம் கையாலேயே சேதி சொல்ல வேண்டும் போலும். பதினேழாவது மணியில் என் போன் பெட்டரி உயிரை விட்டது. கொழும்புக் கனவானே, அவர்கள் பேசி முடிக்கவில்லை. என் போனுக்குத்தான் தெம்பில்லை.