சூளகிரியில் வளைத்ததை ஓசூரில் காட்டிக்கொடுத்த வெளிச்சம்

1991 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. போச்சம்பள்ளியிலிருந்து ஓசூருக்குப் போனேன், ஊர் சுற்ற அல்ல. என் தங்கை புருஷன் சலீம் புதிதாக லேத் பட்டறை போட்டிருந்தான். அவன் கடைந்த ஒரு முழ இரும்புத் தண்டை ஓசூர் கம்பெனி ஒன்றின் சோதனைக் கூடத்தில் காட்ட வேண்டும். தேறினால் ஆர்டர்; தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. இப்பேர்ப்பட்ட பொறுப்பை என்னை விட்டால் யாரிடம் கொடுப்பான்?

காலை 6.10க்கு பஸ். கிருஷ்ணகிரி வரை முப்பது கிலோமீட்டர், மூன்றரை ரூபாய். அங்கே மாறினால் ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர், ஆறு ரூபாய். சூளகிரியில் டயர் வெடித்தது. சத்தம் ஆந்திராவில் இருக்கிற குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும்! ஜாக்கி இருந்தது, அதன் கைப்பிடியைக் காணோம். விடுவேனா? சலீமின் தண்டைச் செருகி, ஒற்றை ஆளாக பஸ்ஸைத் தூக்கினேன்.

"அண்ணே, நீங்க ஆளா யானையா?" என்றார் டிரைவர்.

தண்டுதான் ஒரு நூல் வளைந்துவிட்டது. மைல்கல்லில் வைத்து நாலு தட்டுத் தட்டினேன். அம்பு மாதிரி நேராகிவிட்டது.

ஓசூரில் இறங்கும்போது 10.20. சோதனைக் கூடத்தில் சாரதா என்று ஒரு கன்னடக்கார மேடம்; பேச்சுக்குப் பேச்சு மரியாதையாக ஒரு 'ரீ' போடுவார். தண்டை எக்ஸ்ரே மெஷினில் வைத்தார். "எலும்பா மேடம் முறிஞ்சிருக்கு?" என்று சிரித்தேன். ஒரு மணி நேரத்தில் என் சிரிப்பு நின்றது.

"எக்ஸ்ரேயும் வெளிச்சம்தான் ரீ. அணு வரிசைல பட்டுத் திரும்புற கோணத்த வச்சு, அணுவுக்கும் அணுவுக்கும் எவ்ளோ இடைவெளின்னு கணக்குப் போடுவோம். இதுல ஒரு பக்கம் நெருங்கியிருக்கு, எதிர்ப்பக்கம் விலகியிருக்கு. யாரோ வளைச்சு நிமித்தியிருக்காங்க. பட்டறை வேலை சரியில்லன்னு எழுதிடவா?"

ஒரு தலைமுடியை லட்சம் கூறு போட்டாலும் அந்த இடைவெளி வராதாம்! அதற்குள் போய் என் நாலு தட்டும் உட்கார்ந்திருக்கிறது!

"மேடம், தண்டு பட்டறைலயே..." என்று இழுத்தேன்.

"பொய் வேணாம் ரீ. மெஷின இன்னொரு தடவ ஓட்டிக் காட்டட்டுமா?"

சலீம் முகம் கண்ணில் வந்து நின்றது. சொல்லிவிட்டேன், யானைக் கதை உட்பட. எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு தண்டு கொண்டுவர வியாழன் வரை கெடு கொடுத்தார்.

வியாழனன்று சலீமும் கூட வந்தான். தண்டு அவன் மடியில். "மச்சான், கைய எடுங்க" என்று வழியெல்லாம் நாற்பது தரம் சொல்லியிருப்பான். தண்டு தேறியது. ஆர்டரும் வந்தது.

ஓசூருக்குச் சாம்பிள் கொண்டுபோகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், கூட்டம் இராது. வழியில் பொருளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், தட்டி நிமிர்த்தாமல் போய் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அணு சொல்லிவிடும்.