ராவாத இரண்டு பற்கள்

காலை ஆறு நாற்பதுக்குக் கீழ்த்தளக் குழாயில் தண்ணீர் வந்தது. ஐந்து நிமிடத்தில் என் மகள் நிறைந்த வாளியோடு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துப் படிகள் மழைக்காலம் முழுக்க ஈரம்தான். வாளி விளிம்பில் இடித்து, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது.

அடுத்து நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவளுடைய பால்பற்களையெல்லாம் கூரைமேல் எறிந்த பழக்கத்தில், இதையும் ஜன்னல் வழியாகக் கீழ்க்கொட்டகையின் தகரத்தில் எறிந்துவிட்டேன்.

செம்பூரில் பல் டாக்டரம்மா முதலில் கேட்டதே பல் எங்கே என்றுதான். உடனே ஈரம் காயாமல் கொண்டுவந்திருந்தால் திரும்பப் பொருத்திப் பார்த்திருக்கலாமாம். எறிந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் அம்மாவும் அப்படித்தான் எறிந்திருப்பார் என்றார்.

மூன்று வாரத்தில் மகளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்குக் குரல் தேர்வு. அவள் ‘சிக்ஸ்’, ‘செவன்’ என்றால் பல் போன சந்தில் விசில் அடித்தது. கழற்றி மாட்டும் பல்லெல்லாம் கிழவிகளுக்கு, இருபுறத்துப் பற்களையும் ராவிச் சிறிதாக்கி நிரந்தரமாகக் கட்டுகிற பல்தான் வேண்டும் என்று என் கணவர் பிடிவாதமாக நின்றார்.

டாக்டரம்மா ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்: “போன ஒரு பல்லுக்காக நல்லா இருக்கிற ரெண்டு பல்லை நான் ராவ மாட்டேன். கட்டுப்பல் பத்து வருஷம் கழிச்சும் போடலாம். ராவின பல் திரும்ப வளராது.”

புண் ஆறியதும் அச்சு எடுத்து, அண்ணத்தோடு ஒட்டி உட்காரும் மெல்லிய தகட்டில் ஒற்றைப் பல் வைத்துக் கொடுத்தார். நான் இன்னும் வெள்ளையாகக் கேட்டேன். பக்கத்துப் பற்கள் கோபித்துக்கொள்ளும் என்று சிரித்தார். விசில் நின்றது, ஆனால் நாக்கு தடித்தாற்போல் பேச்சு குழறியது. எண்களைச் சொல்லச் சொல்லிக் கேட்பார், தகட்டைக் கொஞ்சம் சுரண்டுவார், மறுபடி சொல்லச் சொல்வார். அப்படி எத்தனை தடவையோ. அந்தப் பொறுமையை வேறு எவரிடமும் நான் பார்த்ததில்லை.

வீட்டில் மகள் சப்பாத்தி இட்டுக்கொண்டே எண்களைச் சொல்லிப் பழகினாள். ‘ராங் நம்பர்’ என்று கூடத்திலிருந்து அவள் அப்பா சீண்டுவார். அவள் நிறுத்தவில்லை.

தேர்வு நாளன்று வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மூன்று மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டாம்மா. என் வாயை யாருமே பார்க்கலை. திங்கட்கிழமை டிரெயினிங்குக்கு வரச் சொல்லிட்டா.”