நீலம் ஏறிய வெள்ளி ரூபாய்

பக்கத்து வீட்டுத் திருமலைக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பழைய நாணயம், இன்னொன்று அதைப் போட்டோ எடுப்பது. முதலாவதை அவர் மனைவி ராஜலட்சுமி பொறுத்துக்கொண்டாள். இரண்டாவதற்குச் சம்பளமில்லாத வேலையாளே அவள்தான்.

ஓசூரில் எங்கள் வரிசை வீடுகளுக்குள் காலை வெயில் கொஞ்ச நேரம்தான் எட்டிப் பார்க்கும். பிறகு எதிர் மாடிக் கட்டடம் மறைத்துக்கொள்ளும். அந்த வெளிச்சத்தைப் பிடிக்க, நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மனுஷன் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் ஓடி வருவார். ஜன்னலடியில் வெள்ளைத்தாள், அதன்மேல் நாணயம், அதன்மேல் செல்போனோடு குனிந்தபடி இவர். எதிர்ப்பக்கம், வெளிச்சத்தைக் காசுமேல் திருப்பிவிட, தெர்மகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு ராஜலட்சுமி. அடுப்பில் பால் பொங்கினால் பொங்கவேண்டியதுதான்.

கிருஷ்ணகிரியில் நாணயம் சேர்ப்பவர்களின் சங்கம் வருஷா வருஷம் கண்காட்சி நடத்துகிறது. அங்கே தன் பெயர் எழுதிய ஒரு மேசை வேண்டும் என்பதுதான் திருமலையின் ஆசை. போட்டோ பார்த்துத்தான் மேசை தருவார்கள். சங்கத் தலைவர் பெரியதம்பி, பர்கூர்க்காரர், இவர் படங்களைத் தவறாமல் தள்ளிவிடுவார். ஒருமுறை சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லார் முன்னாலும், இது காசா போண்டாவா என்று கேட்டே விட்டார். அன்று திருமலை சாப்பிடவில்லை. எனக்கு அந்தப் பெரியதம்பியை அன்றிலிருந்தே ஆகாது.

இந்த வருஷம், வழக்கமான மங்கிய செம்புக் காசுகளை விட்டு, வெள்ளைக்கார ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்து அனுப்பினார். படத்தைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். காசு முழுக்க ஆழ்ந்த நீலம், ஓரத்தில் மாம்பழ மஞ்சள். பழைய வெள்ளியில் காலப்போக்கில் தானாக நிறம் ஏறுவதுண்டாம். அப்படி அழகாக ஏறிய காசென்றால் இந்தக் கூட்டம் உயிரை விடும். குரூப் பற்றிக்கொண்டது. பெரியதம்பியே போன் செய்து, நாளைக்கே நேரில் வருகிறேன் என்றார். திருமலை ராஜலட்சுமியின் கையைப் பிடித்துச் சமையலறையில் சுற்றினார். தெருவுக்கே மைசூர்பாக்கு. காசைத் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பெரியதம்பி, சங்கச் செயலாளர் நிர்மலாவோடு காரில் வந்து இறங்கினார். திருமலை வெள்ளைச் சட்டை போட்டுத் தலைவாரி நின்றார். காசு வைத்திருந்த உறையைப் பிரித்தால் உள்ளே சாதாரண வெள்ளி ரூபாய். நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை.

திருமலை உறையைக் கவிழ்த்துத் தட்டினார். பக்கத்தில் நின்ற என்னைக்கூடச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வந்த கோபத்தை விருந்தாளிகளுக்காக விழுங்கினேன். அங்கேயே ஜன்னலடியில் வைத்து மறுபடி எடுத்தார். படத்திலும் வெறும் வெள்ளிதான்.

"போட்டோவுல கலர் ஏத்துற ஆளுக்கு எங்ககிட்ட மேசை கெடையாது. இந்த வருசம்னு இல்ல, எப்பவுமே" என்று பெரியதம்பி செருப்பைத் தேடினார்.

திருமலைக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை கதவோரம் நின்ற ராஜலட்சுமி விடுவிடுவென்று கொடிக்குப் போனாள். புருஷனின் கருநீல யூனிஃபார்மைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டாள். தன்னுடைய மஞ்சள் நைட்டியைத் தெர்மகோல் அட்டைமேல் விரித்துப் பிடித்தாள்.

"இதப் போட்டுக்கினு எடுங்க" என்றாள். "அன்னைக்கு இப்படித்தான நின்னோம்?"

எடுத்தார். காசில் நீலம் நீலமாக ஏறியது, ஓரத்தில் மாம்பழ மஞ்சள். மினுங்கும் வெள்ளி, மேலே குனிந்த சட்டையையும் எதிரே நின்ற நைட்டியையும் அப்படியே வாங்கிக் காட்டியிருக்கிறது.

பெரியதம்பி ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். நிர்மலா தன் பச்சைப் புடவையோடு குனிந்தாள், காசு கிளிப்பச்சை. நான் ஓடிப்போய் என் வீட்டுச் சிவப்புப் போர்வையைக் கொண்டுவந்தேன், ராஜா வெற்றிலை போட்டவராகிவிட்டார். வீட்டிலிருந்த துணியெல்லாம் வெளியே வந்தது. பெரியதம்பி தன் சட்டைப்பையிலிருந்த காசையும் வைத்து, என்னுதையும் எடுங்க என்று வரிசையில் நின்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அந்த மனுஷன்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வெயில் போனதும் பெரியதம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படத்தைப் பார்த்து எத்தனையோ பேர் ஏமாறுகிறார்கள், கண்காட்சியில் இதையே செய்து காட்டுங்கள், நடு மேசை உங்களுக்குத்தான் என்றார். நிர்மலா பேனாவைத் திறந்து, மேசையில் என்ன பெயர் எழுதவேண்டும் என்று கேட்டாள்.

இத்தனை வருஷமாக அந்த மேசையில் தன் பெயரை இவர் மனசுக்குள் எத்தனை தரம் எழுதிப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். திருமலை மனைவியைப் பார்த்தார்.

"ராஜலட்சுமின்னு எழுதுங்க மேடம்" என்றார்.

அவள் டீ வைக்க உள்ளே போனாள். வெகுநேரம் டீ வரவில்லை. நானே போய்ப் பார்த்தபோது, பற்றவைக்காத அடுப்பின்மேல் பாத்திரத்தை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.