ஆர்ச்சிபால்டுக்குப் போன டெஸ்

எங்கள் கோல்பர்ன் ஊரில் நல்லபடியாக டயர் மாற்ற வேண்டுமென்றால் டெஸ் என்கிற டெஸ்மண்டிடம்தான் போக வேண்டும். மாற்றி முடிப்பதற்குள் ஆர்ச்சிபால்ட் என்கிற உருவப்பட ஓவியப் பரிசைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டுத் தொலைக்கவும் வேண்டும். இத்தனைக்கும் அவர் தூரிகையைத் தொட்டதே கிடையாது. வரைவது அவர் மனைவி நோலின். ஆண்டுதோறும் ஒரு முகத்தை வரைந்து அந்தப் போட்டிக்கு அனுப்புவார். ஆண்டுதோறும் அது திரும்பி வரும். பிக்கப் வண்டியில் சிட்னிக்கு ஏற்றிப் போவதும் திரும்ப அள்ளிக்கொண்டு வருவதும் டெஸ்ஸின் வேலை.

இந்த நாட்டுக்கே அந்தப் பரிசின் மேல் ஒரு பைத்தியம். ஒரு பத்திரிகைக்காரர் உயில் எழுதி வைத்துப்போன பணத்தில் நூறு ஆண்டுக்கு முன் ஆரம்பித்தது. படமே பார்க்காதவர்கள்கூட முடிவு அறிவிக்கும் வாரம் மட்டும் நிபுணர்களாகிவிடுவார்கள். ஜெயித்தது உருவப்படமா கேலிச்சித்திரமா என்று ஒருமுறை நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும். இன்னொருவர் முகத்தை இந்த ஜனங்கள் வேறெப்போது இவ்வளவு உற்றுப் பார்க்கிறார்கள்?

போட்டிக்கு வரையப்படுபவர் ஓவியர் முன்னால் நேரில் உட்கார வேண்டும். கலை, எழுத்து, அறிவியல், அரசியல் என்று எதிலாவது பேர் வாங்கியவராக இருந்தால் நல்லது. அதற்கு எங்கள் ஊரில் எங்கே போவது? வானிலை வாசிப்பவர், கவிதை எழுதும் கால்நடை மருத்துவர் என்று நோலின் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கொஞ்சமாவது பேர் வாங்கியவர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினார்கள்.

போன ஆண்டு, ஓய்வுபெற்ற நாடக நடிகர் ஒருவர் மாட்டினார். அருமையான தாடி. முகத்தில் பாதி வரைய பாக்கியிருக்கும்போது, ஏதோ நன்கொடை திரட்டுவதற்காகத் தாடியை மழித்துக்கொண்டு வந்து நின்றார். ஆளே வேறாகிவிட்டார். கடைசித் தேதியோ நெருங்கிவிட்டது.

அன்று மாலை நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"பேசாம என்னை வரையேன்," என்றார் டெஸ், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

"உனக்கு என்ன பேரு இருக்கு? டயர் மாத்துறவன்னு எழுதவா?"

டெஸ் சிரிக்கவில்லை. "ஊர்ல உள்ள மூஞ்சியெல்லாம் வரைஞ்சாச்சு. நான் மட்டும் வண்டி ஓட்டத்தான், இல்ல?"

ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கே பாவமாக இருந்தது. நோலினுக்குத் தாங்கவில்லை. மறுநாளே நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்.

"வந்து உக்காரு. வாயைத் தொறந்தே, கொன்னுடுவேன்."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பேசியது நோலின்தான். "உன் இடது காது எப்ப இருந்து இவ்ளோ பெருசு?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்து. நீதான் இப்பப் பாக்குற."

சாயம் முழுதாகக் காயாத படத்தோடு சிட்னிக்குப் போனோம். இந்த முறை வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். படங்களை வாங்கிக்கொள்ளும் வாசலில் நீண்ட வரிசை. எப்போதும் வண்டியிலேயே உட்கார்ந்து நகம் கடிக்கும் நோலின், அன்று இறங்கி வந்து டெஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் டெஸ், திரும்பிடலாம். மத்தவங்களை வேணாம்னாங்க, தூங்கி எந்திரிச்சா சரியாப் போச்சு. உன்னை வேணாம்னா என்னால தாங்க முடியாது."

"சொல்லிட்டுப் போறாங்க. நீ வரைஞ்சுட்டல்ல?"

தேர்வுக்குழு வேண்டாம் என்றுதான் சொன்னது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று வாசலில் படத்தை மூடியிருந்த போர்வையை விலக்கிய ஊழியர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், எல்லாரும் இங்க வாங்கடா. நம்ம டெஸ் அண்ணன் படம்."

நாலைந்து பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். வரிசையிலிருந்தவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். "காத்துல பறந்த என் படத்தை ஓடிப் பிடிச்சுக் குடுத்தாரே, அவரேதான்," என்றாள் ஒருத்தி. "போன வருஷம் இதே வாசல்ல என் வண்டிக்கு டயர் மாத்திக் குடுத்தாரு," என்றார் ஒரு பெரியவர். ஆளாளுக்கு டெஸ்ஸின் முதுகில் தட்டினார்கள். வெட்கத்தில் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"இவரு எதுல பேர் வாங்கினவருன்னு எழுதணும்மா?" என்று ஊழியர் சிரித்துக்கொண்டே நோலினைக் கேட்டார்.

நோலின் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

"உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு," என்றார். "எனக்குத்தான் தெரியாமப் போச்சு."